செய்யப்படலாமா, செய்யப்பட வேண்டுமா?

ஆங்கில இலக்கணத்தில் மாணவர்கள் மிகுதியாக மனப்பாடம் செய்து, மிகக் குறைவாகப் புரிந்துகொள்ளும் பகுதி ஒன்று உண்டு. செய்வினை வாக்கியத்தைச் செயப்பாட்டு வினையாக மாற்றும் பகுதியே அது. அதிலும் 'கேன்', 'மே', 'மஸ்ட்', 'ஷல்' போன்ற துணைவினைகள் வந்து சேர்ந்துவிட்டால், வில்லியனூரிலும் பாகூரிலும் வயலையும் பள்ளியையும் ஒருங்கே பார்த்து வளரும் நம் பிள்ளைகள் சற்றே மலைத்து நிற்கிறார்கள். தேர்வுக்காக ஒரு வாய்பாட்டை உருப்போட்டு, தேர்வு முடிந்ததும் அதைக் கைவிட்டு விடுகிறார்கள். ஆனால் இதே இலக்கணத்தில் ஒரு சிறு சொல் இந்தியப் பாராளுமன்றத்தில் நெடிய வாதத்துக்கு இடமாயிற்று. தமிழ் மக்களின் எதிர்காலத்தைப் பற்றிய வாதம் அது. ஆகவே, முதலில் இலக்கணத்தையும், பிறகு அந்த வாதத்தையும் இன்று பார்ப்போம்.

'சிறுவன் கதவை மூடினான்' என்பது செய்வினை. 'கதவு சிறுவனால் மூடப்பட்டது' என்பது செயப்பாட்டு வினை. முன்னதில் செய்பவன் எழுவாயாக நிற்கிறான். பின்னதில் செயப்படுபொருள் எழுவாயின் இடத்துக்கு வந்துவிடுகிறது. செய்தவன் 'ஆல்' உருபு பெற்று ஒதுங்குகிறான். அவனை முழுதும் விட்டுவிட்டாலும் வாக்கியம் குறைபடுவதில்லை. 'கதவு மூடப்பட்டது' என்றாலே போதும். செயப்படுபொருளைச் செய்தது போலச் சொல்லும் வழக்கு நமக்குப் புதியதன்று. அவ்வழக்கைத் தொல்காப்பியம் ஏற்றுக்கொள்கிறது. 'திண்ணை மெழுகிற்று' என்று உரையாசிரியர்கள் அதற்கு எடுத்துக்காட்டும் தருகிறார்கள். திண்ணை தன்னைத்தானே மெழுகிக்கொள்ளாது. மெழுகியவர் யார் என்பது அங்கே முக்கியமில்லை, அவ்வளவுதான்.

இனித் துணைவினைக்கு வருவோம். 'மூடப்பட வேண்டும்' என்ற நம் தொடரைப் பிரித்துப் பாருங்கள். மூடு, படு, வேண்டும் என்று மூன்று உறுப்புகள். முதலாவது செயலைச் சொல்கிறது. இரண்டாவது, அச்செயல் எழுவாயின் மேல் விழுகிறது என்று காட்டுகிறது. மூன்றாவது, அது கட்டாயம் என்று தெரிவிக்கிறது. இதனையே ஆங்கிலத்தில் 'மஸ்ட் பி குளோஸ்ட்' என்கிறோம். 'மஸ்ட்' என்பது வேண்டும். 'பி' என்பது படு. 'குளோஸ்ட்' என்பது மூடு. உறுப்புகள் அதே மூன்றுதாம். வரிசை மட்டும் தலைகீழாக இருக்கிறது. நாம் செயலில் தொடங்கிக் கட்டாயத்தில் முடிக்கிறோம். ஆங்கிலேயர் கட்டாயத்தில் தொடங்கிச் செயலில் முடிக்கிறார்கள்.

இந்த உண்மையை மனத்தில் பதித்துக்கொண்ட மாணவனுக்கு வாய்பாடு தேவையில்லை. நான்கு உறுப்புகள் வந்தாலும் அவன் தடுமாற மாட்டான். 'மூடப்பட்டிருக்க வேண்டும்' என்பதைப் பாருங்கள். மூடு, படு, இரு, வேண்டும் என்று நான்கு. பின்னாலிருந்து முன்னாக வாருங்கள். வேண்டும் என்பதற்கு 'மஸ்ட்', இரு என்பதற்கு 'ஹேவ்', படு என்பதற்கு 'பீன்', மூடு என்பதற்கு 'குளோஸ்ட்'. ஆக, 'மஸ்ட் ஹேவ் பீன் குளோஸ்ட்' என்ற தொடர் பிழையின்றி அமைந்துவிடுகிறது. 'மூடப்பட்டிருக்கலாம்' என்றால் 'மே ஹேவ் பீன் குளோஸ்ட்'. 'மூடப்பட்டிருக்க முடியாது' என்றால் 'கேனாட் ஹேவ் பீன் குளோஸ்ட்'. தமிழைப் பிரிக்கத் தெரிந்தவனுக்கு ஆங்கிலத்தைக் கட்டத் தெரிந்துவிடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

மாணவர்களின் விடைத்தாள்களில் நான் நெடுங்காலமாகக் கண்டுவந்த பிழைகள் மூன்று உண்டு. முதலாவது, நடுவில் நிற்கும் 'பி' என்னும் சிறு சொல்லை விழுங்கிவிடுவது. 'தி வொர்க் மஸ்ட் டன்' என்று எழுதுகிறார்கள். 'படு' என்பதை நீக்கிவிட்டு 'வேலை செய்ய வேண்டும்' என்று தமிழில் சொன்னால், பேச்சு வழக்கில் பொருள் விளங்கிவிடுகிறது. அந்தப் பழக்கமே பிழைக்குக் காரணம். ஆங்கிலம் அந்தச் சலுகையைத் தருவதில்லை. 'மஸ்ட் பி டன்' என்றுதான் எழுத வேண்டும். கடைசி உறுப்பு வினையின் மூன்றாம் வடிவமாகவே இருக்க வேண்டும் என்பதையும் மறக்கலாகாது. 'கேன் பி செண்ட்' என்பதன் கடைசி ஒலி 'ட்' என்பது; 'செண்ட்' என்பதைச் 'செண்டு' என்று ஒலித்துப் பழகிய பிள்ளைகள் எழுத்திலும் முதல் வடிவத்தையே எழுதிவிடுகிறார்கள்.

இரண்டாவது, செயப்படுபொருள் ஏற்காத வினைக்கும் செயப்பாட்டு வடிவம் தருவது. வருதல், இறத்தல், நிகழ்தல் முதலியவற்றுக்குச் செயப்படுபொருள் கிடையாது. எழுவாயின் இடத்துக்கு ஏற்றி வைக்கப் பொருள் ஏதும் இல்லாதபோது செயப்பாட்டு வினை எப்படிப் பிறக்கும்? 'விபத்து நிகழ்ந்திருக்கலாம்' என்பதற்கு 'மே ஹேவ் ஹேப்பண்ட்' என்பதே சரி. இடையில் 'பீன்' நுழைந்தால் பிழை.

மூன்றாவது பிழை மிக நுட்பமானது. நம் மொழியின் இயல்பிலிருந்தே பிறப்பது. 'இந்த மூட்டையை என்னால் தூக்க முடியும்' என்கிறோம். 'என்னால்' என்பதில் 'ஆல்' உருபு இருக்கிறது. அதைக் கண்டவுடன் மாணவன் 'பை மீ' என்று தொடங்கிவிடுகிறான். ஆனால் இது செயப்பாட்டு வினையன்று. 'மூட்டையை' என்று இரண்டாம் வேற்றுமை உருபு அப்படியே நிற்பதைக் கவனியுங்கள். மூட்டை எழுவாய் ஆகவில்லை. 'முடியும்' என்ற சொல் செய்பவனுக்கு 'ஆல்' உருபைத் தருவது தமிழின் மரபு. ஆங்கிலத்தில் இது 'ஐ கேன் லிஃப்ட் திஸ் பேக்' என்ற நேரான செய்வினைதான். உருபை மட்டும் பார்த்து மயங்காமல், எழுவாய் எது என்று தேடிப் பழக வேண்டும்.

எதிர்மறையிலும் எச்சரிக்கை வேண்டும். பாகூர் ஏரியின் மதகைப் பற்றி ஓர் அறிவிப்பு எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 'மஸ்ட் நாட் பி ஓப்பண்ட்' என்றால் மதகு திறக்கப்படக் கூடாது, திறந்தால் குற்றம். 'நீட் நாட் பி ஓப்பண்ட்' என்றால் திறக்கப்பட வேண்டியதில்லை; திறந்தால் குற்றமில்லை. 'மஸ்ட்' என்பது 'வேண்டும்' என்றால் 'மஸ்ட் நாட்' என்பது 'வேண்டியதில்லை' என்று கணக்குப் போடும் மாணவன், தடையைச் சலுகையாக மாற்றிவிடுகிறான். ஏரியை நம்பி நெல் பயிரிடும் ஊரில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு போகத்து விளைச்சலைக் காக்கவும் செய்யும், அழிக்கவும் செய்யும்.

இதுகாறும் வடிவத்தைப் பார்த்தோம். இனிப் பயனைப் பார்ப்போம். செயப்பாட்டு வினை செய்பவனை மறைக்க வல்லது என்று சொன்னேன். துணைவினையோ, செயல் கட்டாயமா, விருப்பமா, இயலக் கூடியதா என்பதைத் தீர்மானிக்கிறது. இவ்விரண்டும் ஒன்று சேரும்போது, யார் செய்ய வேண்டும் என்பது மறைந்திருக்க, செய்தே ஆக வேண்டுமா என்பது ஒரே ஒரு சிறு சொல்லைப் பொறுத்ததாகிவிடுகிறது. ஆகையால்தான் சட்டங்களும் அறிவிப்புகளும் இந்த வடிவத்தை விரும்பி ஏற்கின்றன.

சில இடங்களில் இந்த மறைப்பு நன்மையே செய்கிறது. நம் அரசியலமைப்பின் 24ஆம் பிரிவு, பதினான்கு வயது நிரம்பாத குழந்தை எதுவும் தொழிற்சாலையிலோ சுரங்கத்திலோ அபாயகரமான வேறு தொழிலிலோ அமர்த்தப்படக் கூடாது என்கிறது. அதன் ஆங்கிலத் தொடர் 'ஷல் பி எம்ப்ளாய்ட்' என்ற செயப்பாட்டு வடிவத்தில், தொடக்கத்திலே 'நோ' என்ற மறுப்புச் சொல்லோடு அமைந்திருக்கிறது. யாரால் என்று சொல்லப்படவில்லை. அதனாலேயே முதலாளி, தரகர், ஒப்பந்தக்காரர், அரசு என்று எவரும் தப்ப முடியாதபடி அந்தத் தடை எல்லோர் மேலும் விழுகிறது. 21ஆம் பிரிவும் அப்படியே. சட்டம் வகுத்த முறைப்படி அன்றி எவருடைய உயிரும் உரிமையும் பறிக்கப்படக் கூடாது என்று அது கூறுகிறது. பறிப்பவர் பெயரைச் சொல்லாமையால் அந்த வேலி அகலமாகிறது.

இனி, வாதத்துக்கு இடமான சொல்லுக்கு வருவோம். அரசியலமைப்பு 1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 343ஆம் பிரிவு இந்தியை ஒன்றிய அரசின் ஆட்சிமொழியாக அறிவித்தது. எனினும், முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்பட வேண்டும் என்றும் விதித்தது. அங்கே நின்ற ஆங்கிலத் தொடர் 'ஷல் கண்டின்யூ டு பி யூஸ்ட்' என்பது. 'ஷல்' என்பது கட்டளை. அந்தப் பதினைந்து ஆண்டுகளும் 1965 ஜனவரியில் முடிய இருந்தன. அதன் பிறகு என்ன என்பதே தமிழ் மக்களின் கவலை. இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரையில் ஆங்கிலம் நீடிக்கும் என்று பிரதமர் நேரு அவர்கள் 1959இல் மக்களவையில் உறுதி கூறியிருந்தார்.

அந்த உறுதிக்குச் சட்ட வடிவம் தருவதற்காக 1963ஆம் ஆண்டில் ஆட்சிமொழிகள் மசோதா கொண்டுவரப்பட்டது. அதை முன்மொழிந்தவர் அப்போதைய உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. அதன் மூன்றாம் பிரிவில் பழைய தொடரே வந்தது. ஆனால் ஒரு சொல் மாறியிருந்தது. 'ஷல்' நின்ற இடத்தில் 'மே' நின்றது. ஆங்கிலம் தொடர்ந்து 'பயன்படுத்தப்பட வேண்டும்' என்று இருந்தது, தொடர்ந்து 'பயன்படுத்தப்படலாம்' என்று ஆயிற்று.

இலக்கணம் அறிந்தவர்கள் இதைக் கண்டவுடன் திடுக்கிட்டார்கள். பயன்படுத்தப்படலாம் என்றால் பயன்படுத்தப்படாமலும் இருக்கலாம் அல்லவா? மாநிலங்களவையில் அறிஞர் அண்ணா உள்ளிட்டோர் இதையே எடுத்துக் கேட்டார்கள். இந்த இடத்தில் இரு சொற்களுக்கும் பொருள் ஒன்றே என்று நேரு அவர்கள் விளக்கினார். பொருள் ஒன்றேயானால் 'ஷல்' என்றே போட்டுவிடலாமே என்று எதிர்த்தரப்பினர் திருப்பிக் கேட்டனர். சொல் மாற்றப்படவில்லை. சட்டம் நிறைவேறியது.

இரு தரப்பையும் நாம் நேர்மையாக எடைபோட வேண்டும். நேரு அவர்கள் சொன்னதில் சட்ட நியாயம் இல்லாமல் இல்லை. 'செய்யலாம்' என்று அதிகாரம் தரும் சொல், சில சூழ்நிலைகளில் 'செய்ய வேண்டும்' என்ற கடமையையும் உடன் கொண்டுவரும் என்பது நீதிமன்றங்கள் அறிந்த கொள்கை. இங்கிலாந்தில் பிரபுக்கள் சபை 1880இலேயே ஒரு வழக்கில் இதனை ஆராய்ந்திருக்கிறது. சொல் அதிகாரத்தை மட்டுமே தரும். அந்த அதிகாரம் எதற்காக, யாருடைய நன்மைக்காகத் தரப்பட்டது என்பதைப் பார்த்தே கடமை உண்டா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும் என்பது அந்த ஆராய்ச்சியின் சாரம். ஆயினும் அப்படிப் பொருள் கொள்வதற்கு ஒரு நீதிபதி தேவைப்படுகிறார். 'ஷல்' என்று இருந்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. மேலும் அந்தத் தொடர் செயப்பாட்டு வினையாக இருந்தது என்பதை மறவாதீர்கள். பயன்படுத்துவதா, விடுவதா என்று முடிவு செய்பவர் யார் என்பது அந்தத் தொடரில் சொல்லப்படவில்லை. துணைவினை தளர்ந்தது, செய்பவர் மறைந்தார். இவ்விரண்டும் சேர்ந்ததே ஐயத்துக்கு வேர்.

அடுத்து நடந்தவை வரலாறு. 1964இல் நேரு அவர்கள் மறைந்தார். வாய்மொழியாக உறுதி தந்தவர் போய்விட்டார். எழுத்தில் இருந்த 'மே' மட்டும் எஞ்சியது. 1965 ஜனவரியில் தமிழ்நாட்டில் மாணவர்கள் பெருங்கிளர்ச்சியில் இறங்கினார்கள். உயிர்கள் பல பலியாயின. அதே ஆண்டு பிப்ரவரி 11இல் பிரதமர் சாஸ்திரி அவர்கள் வானொலி வாயிலாக நாட்டு மக்களிடம் பேசி, நேருவின் உறுதிமொழி காக்கப்படும் என்று அறிவித்தார். பிறகு 1967 டிசம்பரில் பாராளுமன்றம் ஒரு திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. அது 1968 ஜனவரியில் ஒப்புதல் பெற்றது. இந்தியைத் தன் ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்துக்கும் ஒன்றிய அரசுக்கும் இடையேயான கடிதப் போக்குவரத்தில் ஆங்கிலம் பயன்படுத்தப்பட வேண்டும் என்று அதில் எழுதப்பட்டது. அங்கே நின்ற தொடர் 'ஷல் பி யூஸ்ட்'. இந்தி பேசாத மாநிலங்களின் சட்டமன்றங்கள் எல்லாம் தீர்மானம் இயற்றி, பாராளுமன்றத்தின் இரு அவைகளும் அவ்வாறே தீர்மானிக்கும் வரையில் இந்த ஏற்பாடு நீடிக்கும் என்றும் விதிக்கப்பட்டது. முடிவு செய்பவர் யார் என்ற கேள்விக்கும் இவ்வாறு விடை கிடைத்தது. மறைந்திருந்த எழுவாய் வெளியே வந்தார் என்று இலக்கண மொழியில் சொல்லலாம்.

நம் புதுச்சேரிக்கும் இதில் ஒரு தனிப் பாடம் உண்டு. வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் 1954 அக்டோபர் 18இல் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்ததும், 170 பேர் இந்தியாவோடு இணைய விரும்பியதும் நீங்கள் அறிந்ததே. 1956 மே 28இல் இந்தியாவும் பிரான்சும் செய்துகொண்ட ஒப்பந்தம், மக்களின் பிரதிநிதிகள் வேறுவிதமாக முடிவு செய்யாத வரையில் பிரெஞ்சு மொழி இங்கே ஆட்சிமொழியாக நீடிக்கும் என்றது. அந்த வாக்கியத்தில் 'ரிமெய்ன்' என்ற வினை வருகிறது. அது செயப்படுபொருள் ஏற்காத வினை. எனவே செயப்பாட்டு வடிவம் பெறாது. ஆனால் முடிவு செய்யும் உரிமை யாருக்கு என்பதை அவ்வாக்கியம் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. 1965ஆம் ஆண்டின் நம் ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழுக்கு 'ஷல்' என்ற சொல்லும், ஆங்கிலத்துக்கு 'மே பி யூஸ்ட்' என்ற தொடரும் வழங்கப்பட்டன. மாஹேயில் மலையாளத்துக்கும் ஏனாமில் தெலுங்குக்கும் அதே 'மே' வந்தது. தமிழ் பயன்படுத்தப்பட வேண்டிய மொழி, மற்றவை பயன்படுத்தப்படலாம். எந்த மொழிக்கு எந்த இடம் என்பதை இரண்டு சிறு துணைவினைகள் பிரித்து வைத்துவிட்டன.

சட்டங்கள் பெரியவர்களுக்கு உரியவை, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். எனக்குத் தெரிந்த உழவர் ஒருவர் கடன் தள்ளுபடி கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மனுச் செய்தார். 'மே பி கன்சிடர்ட்' என்று மறுமொழி வந்தது. படித்துச் சொன்ன பையன் 'தள்ளுபடி செய்யப்படும்' என்று சொல்லிவிட்டான். அவர் அதை நம்பி மற்றோர் இடத்தில் கடன் வாங்கிவிட்டார். அந்தத் தாளில் இருந்தது 'ஆலோசிக்கப்படலாம்' என்பது மட்டுமே. ஆலோசிப்பவர் யார், எப்போது ஆலோசிப்பார் என்ற விவரம் ஏதும் அதில் இல்லை. அடுத்த அறுவடை வரையில் அவர் இரண்டு வட்டி கட்டினார்.

ஆகவே, இத்தகைய தொடரை எங்கே கண்டாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். யாரால்? கட்டாயமாகவா, விருப்பப்படியா? எந்த நாளுக்குள்? விடை அந்தத் தாளிலேயே இருந்தால் நன்று. இல்லையென்றால், அது வாக்குறுதியன்று என்று தெரிந்துகொண்டு, மரியாதையோடு எழுதிக் கேளுங்கள். அப்படிக் கேட்டு எழுதும் கடிதத்தில் செய்வினையைப் பயன்படுத்துங்கள். 'எந்த அதிகாரி, எந்தத் தேதிக்குள் முடிவு செய்வார்?' என்று நேராகக் கேட்கும் வாக்கியத்தில் யாரும் ஒளிந்துகொள்ள இடமில்லை.

இன்று உலகின் பல நாடுகளிலே சட்டம் எழுதுவோர் தெளிவை நாடிச் செல்கிறார்கள். 'ஷல்' என்ற சொல்லுக்கு எதிர்காலம், கட்டளை என்று பல பொருள் இருப்பதால், அதை விட்டு 'மஸ்ட்' என்று எழுதும் வழக்கம் வளர்ந்து வருகிறது. தென்னாப்பிரிக்கா 1996இல் இயற்றிய அரசியலமைப்பு கட்டாயத்தை 'மஸ்ட்' என்ற சொல்லாலேயே உணர்த்துகிறது. சாதாரண மக்கள் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதே இந்த மாற்றத்தின் நோக்கம்.

மாணவ மாணவியரே, ஒரு சிறு பயிற்சி தருகிறேன். உங்கள் பள்ளியின் அறிவிப்புப் பலகையிலோ, பேருந்து நிலையத்திலோ, வீட்டுக்கு வரும் மின்கட்டணத் தாளிலோ இந்த வடிவத்தில் அமைந்த ஐந்து ஆங்கிலத் தொடர்களைத் தேடி எடுங்கள். ஒவ்வொன்றையும் தமிழில் உறுப்பு உறுப்பாகப் பிரித்து எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் செய்வினையாக மாற்றுங்கள். மாற்றும்போது எழுவாயின் இடத்தில் யாருடைய பெயரை எழுதுவது என்று தெரியாமல் எங்கே பேனா நிற்கிறதோ, அந்த இடத்தைக் கோடிட்டு வையுங்கள். அதை உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்; வீட்டிலே பெற்றோரிடமும் படித்துக் காட்டுங்கள்.

பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், பாகூரில் இருந்த கல்விச் சாலைக்கு மூன்று ஊர்கள் தானமாக வழங்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. கல்விக்காக நிலம் ஒதுக்கிய மண் இது. இந்த மண்ணின் பிள்ளைகள் எந்த மொழியில் எழுதிய தாளையும் பிறர் துணையின்றிப் படித்து, அதில் சொல்லியிருப்பது எது, சொல்லாமல் விட்டது எது என்று பிரித்தறிய வேண்டும். கோடிட்ட அந்த ஐந்து தொடர்களிலிருந்து நாளைக்கே தொடங்குங்கள்.